வெளிநாட்டுல சைக்கிள்ல விழுந்து எலும்பு உடைஞ்சா: கேள்விகளும் ஒரு பிசியோவோட பதில்களும்

வணக்கம்ங்க. நான் கோயமுத்தூர்ல பிசியோதெரபிஸ்ட், எலும்பு ஆபரேஷன் முடிஞ்சு வர்றவங்கள நடக்க வைக்கறதுதான் என் பொழப்பு, நானும் பிஆர்எம்ங்கற நெடுந்தூர சைக்கிள் ரைடு ஓட்டுறவதான். டூர்னு பிரான்ஸ், ஸ்பெயின், வியட்நாம்னு நம்ம ஆளுங்க சைக்கிள தூக்கிட்டு போக ஆரம்பிச்சதுல இருந்து அங்க விழுந்துட்டு இங்க வந்து நிக்கறவங்க கூடிட்டாங்க. அதான் கேள்விய அனுப்புங்கன்னு சொன்னேன். ஆபரேஷன் வேணுமா வேணாமாங்கறது சர்ஜன் முடிவு, நான் சொல்றது அவர்கிட்ட என்ன கேக்கணும்ங்கறது வரைக்கும்தான்.

அக்கா ரொம்ப அர்ஜென்ட். ஃப்ரெண்ட் பிரான்ஸ்ல பிரெஸ்ட் பக்கம் மழைல ரவுண்டானால வழுக்கி இடுப்பு அடிபட விழுந்துட்டான், வயசு 38. தொடை எலும்போட கழுத்துப் பகுதி உடைஞ்சு நகந்திருக்காம், இன்னைக்கே ஆபரேஷன்னு சொல்றாங்க. அவங்கப்பா "தெரியாத ஊர்ல கத்தி வைக்க விடாதீங்க, இங்க கூட்டிட்டு வாங்க"ன்னு ஒத்தக்கால்ல நிக்கறார்.

அங்கயே பண்ணச் சொல்லுங்க. முதல்ல போன் பண்ணி அத சொல்லிட்டு வந்து மீதியப் படிங்க.

அப்பாவுக்கு இப்படி சொல்லுங்க. இடுப்பு மூட்டுல இருக்குற பந்து எலும்புக்கு ரத்தம் போறது அந்தக் கழுத்து வழியா ஏறுற சின்னச் சின்ன குழாய்ங்க மூலமாத்தான். கழுத்து உடைஞ்சு நகந்துட்டா அந்தக் குழாய் கிழியும், இல்ல மடங்கிக்கும், ரத்தம் போகாம பந்து செத்துப்போச்சுன்னா 40 வயசுக்குள்ள செயற்கை மூட்டு வைக்கிற நிலைமை வந்துரும். சின்ன வயசுக்காரங்களுக்கு சொந்தப் பந்த காப்பாத்தணும்னுதான் எந்த ஊர் சர்ஜனும் முடிஞ்சா ஒரு நாளுக்குள்ள நேரா வச்சு ஸ்க்ரூ போடப் பாப்பாரு. இங்க கூட்டிட்டு வர்றதுன்னா சும்மா இல்லீங்க, ஸ்ட்ரெச்சர்னா பல சீட்ட மடக்கி இடம் பண்ணணும், ஏர்லைன்ஸோட மெடிக்கல் ஆளுங்க ஒத்துக்கணும், கூட ஒரு டாக்டரோ நர்ஸோ வரணும், எல்லாம் கூடி வர்றதுக்குள்ள நாலஞ்சு நாள் ஓடிரும், அந்த நாலஞ்சு நாள்தான் பந்தோட ஆயுசே.

அடுத்தது இன்சூரன்ஸ். ஷெங்கன் விசாவுக்குன்னு (ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் சேத்துக் குடுக்குற ஒரே விசா) எடுத்த பாலிசி குறைஞ்சது 30,000 யூரோவுக்கு இருக்கும், ஊருக்குத் திருப்பி அனுப்புற செலவும் அதுலயே அடங்கும். பாலிசில இருக்குற 24 மணி நேர உதவி நம்பருக்கு இப்பவே அடிச்சு, பணத்துக்கு நாங்க பொறுப்புன்னு ஆஸ்பத்திரிக்கு நேரா லெட்டர் அனுப்பச் சொல்லுங்க. அப்புறம் பில்ல தூக்கிட்டு அலையறதுக்கு இது எவ்வளவோ மேல்.

அப்ப எல்லா எலும்புக்கும் அங்கயேதானா? எனக்கு காலர்போன், கழுத்துக்குக் கீழ தோள் வரைக்கும் போற எலும்பு, உடைஞ்சிருக்கு. ஸ்பெயின் டாக்டர் ஸ்லிங் போதும்ங்கறார், ஊர்ல இருக்குற மச்சான் பிளேட் வெச்சுக்கோ சீக்கிரம் ஓட்டலாம்ங்கறான்.

இல்லைங்க, காலர்போன் காத்திருக்கும். எலும்பு தோல கிழிச்சு வெளிய வந்திருந்தா, தோல உள்ள இருந்து முட்டி வெளுத்துப்போய் இருந்தா, கை மரத்துப்போனா, இல்ல ஜில்லுனு ஆனா அது அவசரம், அங்கயே பாக்கணும். மத்தபடி ஸ்லிங் போட்டு ஊருக்கு வந்து ரெண்டு வாரத்துக்குள்ள நிதானமா முடிவெடுக்கலாம். நடுப்பகுதியில உடைஞ்சு துண்டுங்க விலகாம இருந்தா பெரும்பாலும் தானா சேந்துரும். ரெண்டு சென்டிமீட்டர் கிட்ட குறுகியிருந்தாலோ துண்டு துண்டா நொறுங்கியிருந்தாலோ பிளேட் பத்தி பேசலாம்.

மச்சான் சொல்ற "சீக்கிரம் ஓட்டலாம்" டிவில பாத்து வர்றது. பிளேட்ங்கறது கட்டடத்துக்கு சாரம் மாதிரி, பிடிச்சுக்கத்தான் செய்யும், எலும்பு அதோட வேகத்துலதான் கட்டும். 2024 ஏப்ரல்ல ஸ்பெயினோட பாஸ்க் பகுதில நடந்த ரேஸ்ல டென்மார்க் சைக்கிள் வீரர் யோனாஸ் விங்கேகார்டு விழுந்தாரு, காலர்போன், விலா எலும்பு, அதோட நுரையீரலும் சுருங்கிப்போச்சு. ஜூன் கடைசில டூர் டி பிரான்ஸ் ஸ்டார்ட்ல நின்னு ரெண்டாவது இடமும் பிடிச்சாரு. அது மட்டும்தான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. விழுந்ததும் பிரைவேட் ஜெட் ஏறிப் போகாம விட்டோரியா ஊர் ஆஸ்பத்திரிலயே 12 நாள் படுத்துக் கிடந்தாரு, பணமும் டீமும் டாக்டரும் கூடவே இருந்த ஆளு. அத யாரும் சொல்றதில்ல.

உங்களுக்கு என் கணக்கு: முதல் நாள்ல இருந்தே முழங்கை, மணிக்கட்டு, விரல அசைங்க, ஸ்லிங்குக்குள்ளயே கைய மடக்கி வச்சுட்டு கிடந்தா தோள் இறுகிரும், அப்புறம் அத பிரிக்க என்கிட்ட வந்து கத்துவீங்க. வலி குறைஞ்சதும் கை வைக்காம வீட்டுக்குள்ள டிரெய்னர்ல (சைக்கிள மாட்டி நின்ன எடத்துலயே மிதிக்கற ஸ்டாண்டு) ஓட்டலாம். ஆறு வாரத்துல எக்ஸ்ரே. ரோட்டுக்கு எட்டுல இருந்து பன்னெண்டு வாரம், ஏன்னா ஓட்டுறதுல பிரச்சனை இல்ல, அதே தோள்ல மறுபடி விழுறதுலதான் பிரச்சனை.

விலா எலும்பு உடைஞ்சு நுரையீரல சுத்தி காத்து சேந்துருச்சுன்னு டியூப் போட்டு எடுத்துட்டாங்க. நாளான்னைக்கு ரிட்டர்ன் டிக்கெட், மாத்துனா பணம் போகும். பறக்கலாமா மேடம்?

வேணாம்ங்க. டிக்கெட் பணம் போனா போகட்டும். விமானத்துக்குள்ள காத்தழுத்தம் ஏறக்குறைய 8,000 அடி உயரத்துல இருக்குற மாதிரிதான் இருக்கும், நெஞ்சுக்குள்ள மிச்சமிருக்குற காத்து அங்க மூணுல ஒரு பங்கு வரைக்கும் விரியும், நடுவானத்துல மறுபடி நுரையீரல் சுருங்குனா யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. எக்ஸ்ரேல காத்து சுத்தமா போயிருச்சுன்னு பாத்ததுக்கு அப்புறம், அடிபட்டு வந்த கேஸ்ல பொதுவா ரெண்டு வாரம் தள்ளித்தான் அனுப்புவாங்க. பறக்கலாம்னு டாக்டர் எழுதிக் குடுத்த பேப்பரோட போங்க, தேதி மாத்துற செலவையும் இன்சூரன்ஸ்கிட்ட கேளுங்க, நிறைய பாலிசில அது உண்டு.

மாவுக்கட்டு போட்ட காலோட விமானத்துல வரலாமா?

கட்டு போட்டு 48 மணி நேரம் ஆகாம நீண்ட பயணம் வேணாம், உள்ள வீங்கும். அதுக்குள்ள வந்தே ஆகணும்னா கட்ட நீளவாக்குல பிளந்து விடச் சொல்லுங்க.

அதவிட பெரிய விஷயம் ரத்தக்கட்டி. கால் எலும்பு உடைஞ்சு, ஆபரேஷனும் ஆகி, பத்து மணி நேரம் ஒரே சீட்டுல உக்காந்தா கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறையறதுக்கு வேற என்ன வேணும்? அது உறையாம இருக்க வயித்துல போடுற ஊசி குடுத்திருப்பாங்க, இடுப்பு ஆபரேஷன்னா நாலஞ்சு வாரம் கூட எழுதுவாங்க, கிளம்புற அவசரத்துல அத நிறுத்திராதீங்க. பிரான்ஸ்ல டாக்டர் சீட்டு இருந்தா நர்ஸ் நீங்க தங்கியிருக்குற எடத்துக்கே வந்து ஊசி போட்டு கட்டும் மாத்திட்டு போவாங்க, நம்ம ஆளுங்க முக்காவாசிப் பேருக்கு இது தெரியாம தினம் டாக்ஸி புடிச்சு ஆஸ்பத்திரிக்கு அலையறாங்க. கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலிச்சாலோ திடீர்னு மூச்சு வாங்குனாலோ ஏர்போர்ட் பக்கமே போகக்கூடாது, 112 அடிங்க, ஐரோப்பிய யூனியன்ல எந்த நாட்டுலயும் அதே நம்பர்தான்.

துபாய் வழியா வர்றேன். பாரிஸ்ல குடுத்த வலி மாத்திரைய பைல போட்டுக்கலாமா?

பேர பாருங்க. கோடீன், டிரமடால் ரெண்டுமே அமீரகத்துல கட்டுப்பாடு உள்ள மருந்து, அங்க இறங்குறதா இருந்தா முன்கூட்டியே ஆன்லைன்ல அனுமதி வாங்கணும், டாக்டர் சீட்டு வேணும், ஒரிஜினல் அட்டைலயே இருக்கணும். வெறும் டிரான்சிட்தானேன்னு சொல்லுவாங்க, ஃப்ளைட் கேன்சலாகி ஊருக்குள்ள ஹோட்டல்ல போட்டா? பயணத்துக்கு வேற மாத்திரை குடுங்கன்னு டாக்டர்கிட்டயே கேட்டுருங்க.

என் வீட்டுக்காரர் இத்தாலில டூர்ல இருக்காரு. நேத்து விழுந்து ஹெல்மெட் பொளந்துருச்சு, ரெண்டு நிமிஷம் என்ன நடந்துச்சுன்னே ஞாபகம் இல்லைன்னாரு. இப்ப நல்லாதான் இருக்கேன், நாளைக்கு ஓட்டப்போறேன்ங்கறார். நான் மதுரைல இருந்து என்ன பண்ண?

ஞாபகம் தப்புனது மூளை குலுங்குனதுக்கு அடையாளம்மா, அவர் "நல்லாதான் இருக்கேன்"னு சொல்றத கணக்குல எடுக்காதீங்க. இன்னைக்கே டாக்டர பாக்கணும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்புடுறவரா? அப்படின்னா ஸ்கேன் எடுத்தே ஆகணும்னு சொல்லுங்க. தலைவலி ஏறிட்டே போறது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினா எழாத தூக்கம், பேச்சு குழர்றது, வலிப்பு, மூக்குலயோ காதுலயோ தண்ணி மாதிரி வடியறது, இதுல எது வந்தாலும் 112. ரூம்ல தனியா படுக்க விடக்கூடாது, கூட ஓட்டுறவர் நம்பர வாங்கி அவர்கிட்ட நீங்களே பேசிருங்க, கூச்சப்படாதீங்க. ரெண்டு நாளாவது ஓய்வு, தண்ணி அடிக்கக்கூடாது, அப்புறம் நடை, லேசா டிரெய்னர்னு படிப்படியாத்தான். அறிகுறி ஒண்ணு மிச்சமிருக்கும்போதே ரெண்டாவது அடி பட்டா அதுதான் ஆபத்து. பொளந்த ஹெல்மெட்ட போட்டுட்டு ஓட்டப்போறாராமா? கேளுங்க.

வியட்நாம்ல நாய் துரத்தி விழுந்தேன். கை காலெல்லாம் தோல் வழண்டுருச்சு, நாயும் லேசா கடிச்சுது.

"லேசா"ன்னு ஒண்ணு இல்ல. சோப்பு போட்டு ஓடுற தண்ணில பதினஞ்சு நிமிஷம் கழுவி, ரேபிஸ் ஊசி முதல் டோஸ் இன்னைக்கே அங்கயே, ரத்தம் வந்திருந்தா கடிவாய்லயே போடுற இம்யூனோகுளோபுலினும் கேட்டு வாங்குங்க. பாக்கி டோஸ அட்டவணைப்படி ஊர்ல தொடரலாம். டிடி போட்டு அஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சுன்னா அதுவும் சேத்து. வழண்ட எடத்துல மண்ணில்லாம கழுவி ஈரப்பதம் காக்குற டிரெஸ்ஸிங் போடுங்க, காத்தாட விட்டா காயும்ங்கறது பழைய பேச்சு.

மணிக்கட்டுல கட்டைவிரல் அடில குழில அழுத்துனா வலிக்குது. பாங்காக்ல எக்ஸ்ரே நார்மல்.

அந்தக் குழிக்கு அடில இருக்குற ஸ்கேஃபாய்டுங்கற சின்ன எலும்பு உடைஞ்சிருந்தா முதல் எக்ஸ்ரேல ஒளிஞ்சுக்கும். கட்டு போட்டு பத்து, பதினாலு நாள் கழிச்சு மறுபடி எக்ஸ்ரே, இல்ல எம்ஆர்ஐ. விட்டுட்டீங்கன்னா சேராமயே போயிரும்.

ஷெங்கன் விசா முடிய ஆறு நாள்தான் இருக்கு, ஆஸ்பத்திரில படுத்திருக்கேன்.

இந்த மாதிரி தவிர்க்க முடியாத காரணத்துக்கு விசாவ நீட்டிக்க சட்டத்துலயே வழி இருக்கு, கட்டணமும் கிடையாது. முடியறதுக்கு முன்னாடி விண்ணப்பிக்கணும், பிரான்ஸ்னா பிரெஃபெக்சர்ங்கற மாவட்ட நிர்வாக ஆபீஸ்ல, டாக்டர் சர்டிஃபிகேட்டோட. ஆஸ்பத்திரில சோஷியல் வொர்க்கர் இருப்பாங்க, கேளுங்க.

டிஸ்சார்ஜ் ஆகும்போது என்னென்ன வாங்கிட்டு வரணும்?

டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாரும் வாங்கிருவாங்க. ஆபரேஷன் நோட்டு தனியா கேளுங்க. எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் சிடில. முக்கியமா உள்ள வச்ச பிளேட்டு, ஸ்க்ரூவோட ஸ்டிக்கர், கம்பெனி பேரு சைஸு எல்லாம் அதுல இருக்கும். ரெண்டு வருஷம் கழிச்சு அத எடுக்கணும்னு வரும்போது ஸ்க்ரூ தலைக்கு பொருந்துற கருவி எதுன்னு தெரியாம நம்ம ஊர் சர்ஜன் தடவிட்டு நிக்கறத நான் பாத்திருக்கேன். ஊன்றுகோல் அங்க முழங்கைல மாட்டுறதுதான் குடுப்பாங்க, நம்ம அக்குள் கட்டைய விட அது நல்லது, பழகிக்கங்க, அதையே கொண்டு வாங்க.

பையனுக்கு கால்ல ஸ்க்ரூ போட்டிருக்காங்க, ஊருக்கு வந்ததும் புத்தூர் கட்டு போட்டுரலாம்னு இருக்கோம், பிரண்டையும் தர்றோம். சரிதானுங்களா?

அம்மா, பிரண்டைத் துவையல் தாராளமா குடுங்க, நானும் சாப்புடுவேன். ஆனா அத நம்பி முட்டை, பருப்பு, பால குறைச்சுராதீங்க, எலும்பு சேர புரதம் வேணும், வைட்டமின் டி ஒரு தடவ டெஸ்ட் பண்ணிக்கங்க, நம்ம ஊர் வெயில்ல இருந்தும் நிறைய பேருக்கு குறைவாத்தான் இருக்கு. பையன் சிகரெட் புடிப்பானா? அத நிறுத்துனாலே பாதி வைத்தியம்.

கட்டு மட்டும் வேணாம்மா. ஏற்கனவே உள்ள ஸ்க்ரூ போட்ட கால இழுத்துக் கட்டுனா ரத்த ஓட்டம் நிக்கலாம், வச்சது நகரலாம். இடுப்பு, தொடைக்கு எந்த நாட்டு வைத்தியக் கட்டும் கிடையவே கிடையாது.

தனியா பாரிஸ்ல ஒரு மாசம் படுத்திருக்கேன் அக்கா, பாஷை தெரியல, பைத்தியம் புடிச்சுரும் போல இருக்கு. கண்ண மூடுனா அந்த இறக்கம்தான் வருது.

இத கேக்க எத்தன பேரு தயங்கியிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும். கண்ண மூடுனா விழுற காட்சி வர்றது முதல் சில வாரம் சகஜம், ஒரு மாசம் தாண்டியும் தூக்கத்த கெடுத்துச்சுன்னா அதுக்குன்னு ஆள் இருக்காங்க, கால் டாக்டர பாக்கற மாதிரி அவங்களயும் பாக்கணும், ஆன்லைன்ல தமிழ்லயே பேசலாம். பாரிஸ்ல இருக்கீங்கன்னா கார் து நோர் ஸ்டேஷன் தாண்டி லா ஷப்பெல் பக்கம் இலங்கைத் தமிழர் கடைங்க வரிசையா இருக்கும், இடியாப்பம் கிடைக்கும், பிரெஞ்சும் தமிழும் பேசுற ஆள் கிடைப்பாங்க. ஊன்றுகோலோட போக முடியலன்னா ஒரு கடைக்கு போன் பண்ணிப் பாருங்க, நம்ம ஆளு ஒருத்தர் கால் உடைஞ்சு கிடக்கறார்னு சொன்னா சும்மா விட மாட்டாங்க.

முதல் கேள்வி கேட்டவன் நான்தான். ஆபரேஷன் முடிஞ்சுது, நல்லா இருக்கான். கண் முழிச்சதும் "2027 பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் ஓட்ட முடியுமா"ன்னு கேக்கறான்.

கேப்பான், கேப்பான். அது நாலு வருஷத்துக்கு ஒரு தடவ வர்றதுனாலதான் இந்தப் பதட்டம், 1,200 கிலோமீட்டர் 90 மணி நேரத்துக்குள்ள, அதுக்கு முன்னாடி அதே வருஷம் 200, 300, 400, 600 கிலோமீட்டர் பிஆர்எம் எல்லாம் முடிக்கணும். முடியாதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா எலும்பு சேந்துருச்சுன்னு எக்ஸ்ரே சொல்ற வரைக்கும் அந்தக் கால்ல முழு எடை வைக்கக்கூடாது, ஆறுல இருந்து பன்னெண்டு வாரம் ஆகும், டிரெய்னர் அதுக்கு முன்னாடியே சர்ஜன் சொன்னா ஆரம்பிக்கலாம். பந்துக்கு ரத்தம் ஒழுங்கா போகுதான்னு ரெண்டு வருஷம் வரைக்கும் இடைவெளி விட்டு படம் எடுத்துப் பாக்கணும், வலியே இல்லைன்னாலும். தொடை மடிப்புல புதுசா வலி வந்தா அன்னைக்கு ரைடு இல்ல. ஊருக்கு வந்ததும் சிடியோட என்னை வந்து பாக்கச் சொல்லுங்க, அப்பாவையும் கூட்டிட்டு வரட்டும், அவர்கிட்ட நான் பேசிக்கறேன்.