பழைய .22 ரைபிளுக்கு என்ன விலை கேட்கலாம்?

கேள்வி: என் கணவரின் தாத்தா ஓஹையோவில் போன வருடம் காலமானார். பேஸ்மென்ட் அலமாரியில் மூன்று .22 ரைபிள்கள் (சின்னத் தோட்டா போடுகிறவை) இருந்தன. ஒன்றில் க்ளென்ஃபீல்ட் மாடல் 60 என்றும், இன்னொன்றில் ரெவலேஷன் என்றும், மூன்றாவதில் சியர்ஸ் என்றும் போட்டிருக்கிறது. கணவரின் அண்ணன் "எல்லாம் ஆன்டிக், ஒவ்வொன்றும் ஆயிரம் டாலருக்குக் குறையாது" என்கிறார். கடையில் கேட்டால் ஒன்றுக்கு 60 டாலர் என்கிறார்கள். யாரை நம்புவது? – வாசகி, க்ளீவ்லண்ட்

பதில்: இரண்டு பேரையும் நம்ப வேண்டாம். ஆனால் கடைக்காரர் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் நிற்கிறார்.

அந்த ஆன்டிக் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி 1898-லோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கிதான் ஆன்டிக். மாடல் 60 சந்தைக்கு வந்ததே 1960-ல். உங்களுடையது எந்த வருடத்தது என்று தெரிய வேண்டுமானால் சீரியல் எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தை 100-லிருந்து கழியுங்கள். 24 என்று தொடங்கினால் 1976. 1973-லிருந்து பல வருடங்கள் இந்தக் கணக்குதான்.

அப்புறம், மூன்று பெயர் இருப்பதால் மூன்று கம்பெனி என்று நினைத்துவிடாதீர்கள். க்ளென்ஃபீல்ட் என்பது மலிவு விலைக் கடைகளுக்காக மார்லின் கம்பெனியே வைத்த பெயர். பிடிக்கிற கட்டை வால்நட் மரத்துக்குப் பதிலாகச் சாயம் ஏற்றிய பிர்ச் மரம், பலவற்றில் அதன் மேல் அச்சுக் குத்திய ஒரு அணில். ரெவலேஷன் என்பது வெஸ்டர்ன் ஆட்டோ என்ற கார் உதிரிபாகக் கடைகளின் சொந்த முத்திரை. மாடல் 120 என்று இருந்தால் அது வேறு சட்டை போட்டுக்கொண்ட மாடல் 60. சியர்ஸும் ஒரு கடைதான். அந்தத் துப்பாக்கியின் குழலில் 103 என்று தொடங்கும் எண் இருந்தால் அதுவும் மார்லின் செய்து கொடுத்தது, 583 என்றால் ஹை ஸ்டாண்டர்ட் என்ற இன்னொரு கம்பெனி. ஆக, தாத்தா ஒரே துப்பாக்கியை மூன்று தடவை வாங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு!

மாடல் 60 மட்டுமே ஒரு கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. அத்தனை வீட்டில் கிடக்கிற சாமானுக்கு அபூர்வப் பொருளின் விலை எங்கிருந்து வரும்? நன்றாகச் சுடுகிற, பாகம் எதுவும் குறையாத பழைய மாடல் 60 பொதுவாக 150-லிருந்து 250 டாலருக்குள் கை மாறுகிறது. கடைக்காரர் வாடகை, லாபம், எத்தனை மாதம் அது அலமாரியில் தூங்கும் என்பதையெல்லாம் பார்த்துத்தான் கொடுப்பார், அதனால் விற்கிற விலையில் பாதி கிடைத்தாலே பெரிது. 60 அடிமாட்டு விலைதான், அயோக்கியத்தனம் என்று சொல்ல மாட்டேன். கமிஷன் அடிப்படையில் கடையில் வைத்து விற்கச் சொன்னால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வரும். இணைய ஏலத்தில் ஆட்கள் கேட்கும் விலையைப் பார்த்து மயங்காதீர்கள். கேட்பதற்கு என்ன, 900 கூடக் கேட்கலாம். ஏலம் முடிந்து பணம் கை மாறிய விலையைத் தேடிப் பாருங்கள், அதுதான் கணக்கு.

வயசைவிட நிலைமைதான் இங்கே விலையைத் தீர்மானிக்கிறது. விற்பதற்கு முன் துப்பாக்கி பற்றித் தெரிந்த ஒருவரை வைத்து அது காலியாக இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள், ட்யூப் மேகசினில் (தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் குழாயில்) ஒரு தோட்டா ஒட்டிக்கொண்டு நிற்பது சகஜம். பிறகு குழலின் பின்வாயை டார்ச் அடித்துப் பாருங்கள். .22 தோட்டாவில் தீப்பற்றும் மருந்து விளிம்புக்குள் இருக்கும், அதனால் அடிக்கிற ஊசி விளிம்பைத்தான் தட்டும். தோட்டா இல்லாமல் சும்மா சும்மா விசையை இழுத்து விளையாடியிருந்தால் அந்த ஊசி நேராக இரும்பைத் தட்டித் தட்டி, பின்வாயின் ஓரத்தில் சின்னதாக ஒரு பள்ளமும் உள்பக்கம் ஒரு பிசிறும் விழுந்திருக்கும். அந்தப் பிசிறு இருந்தால் காலி உறை சரியாக வெளியே வராது, விவரம் தெரிந்தவர் அங்கேயே 50 டாலர் குறைத்துவிடுவார். மாடல் 60-ல் இன்னொன்று: சுட்டதும் முன்னும் பின்னும் ஓடுகிற இரும்புத் துண்டான போல்ட் பின்னால் வந்து மோதுகிற இடத்தில் ஒரு ப்ளாஸ்டிக் துண்டு இருக்கும், நாற்பது வருட எண்ணெயில் ஊறிப் பழுப்பாகி நொறுங்கிக் கிடக்கும். மாற்றுவதற்குச் சில டாலர்தான், மாற்றிவிட்டு விற்றால் பேரம் பேச ஒரு காரணம் குறையும். ட்யூபின் உள்ளே இருக்கும் பித்தளைக் குழாய் காணாமல் போயிருந்தால் அதையும் வாங்கிப் போட்டுவிடுங்கள்.

மார்லின் 2020-ல் ரூகர் என்ற இன்னொரு துப்பாக்கிக் கம்பெனியின் கைக்குப் போனது. ரூகர் முதலில் திரும்பக் கொண்டுவந்தது லீவர் ஆக்ஷன் ரைபிள்களைத்தான், அதாவது விசைக்குக் கீழே உள்ள கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றுகிறவை. அதைச் சொல்லி "மாடல் 60 இனிமேல் வராது, பழசுக்கு மவுசு" என்று சிலர் ஏற்றிவிடுகிறார்கள். குழலில் பழைய மார்லின் தொழிற்சாலையின் ஜேஎம் முத்திரை இருந்தால் லீவர் ரைபிளுக்கு உண்மையிலேயே கூடுதல் விலை உண்டு. மாடல் 60-க்கு அந்த முத்திரையால் பெரிதாக ஒன்றும் வராது.

கேள்வி: மாமனார் கொடுத்த ரெமிங்டன் நைலான் 66 என்னிடம் இருக்கிறது. ப்ளாஸ்டிக் துப்பாக்கிக்கு யாராவது பணம் கொடுப்பார்களா? – வாசகர், அட்லாண்டா

பதில்: கொடுப்பார்கள், மரக்கட்டை போட்டதைவிட அதிகமாகவே. 1959-ல் டூபான்ட்டின் நைலானில் கட்டை செய்து ரெமிங்டன் இதை இறக்கியபோது நிறையப் பேர் முகம் சுளித்தார்கள். அதே வருடம் டாம் ஃப்ரை என்ற கம்பெனி ஆள் காற்றில் எறிந்த 1,00,010 மரத் துண்டுகளைச் சுட்டு ஆறே ஆறைத்தான் தவறவிட்டார், பேச்சு அடங்கிவிட்டது. பத்து லட்சத்துக்கு மேல் செய்த துப்பாக்கி, ஆனாலும் ஆசைப்பட்டுத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். பழுப்பு நிறம்தான் அதிகம். செனிகா பச்சை கிடைப்பது கஷ்டம், அதற்குத் தனி விலை. நல்ல நிலையில் உள்ள பழுப்புக்கு 300, 400 கேட்கலாம். சந்தோஷப்படும் முன் ஒரு கணக்கு: அன்று அதன் விலை 49.95 டாலர், இன்றைய பணத்தில் 500-க்கு மேல். முதலீடு என்று யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: விற்கும் முன் கட்டையைத் தேய்த்து வார்னிஷ் அடித்து, குழலுக்குப் புதிதாக ப்ளூயிங் (துரு தடுக்கும் கருநீல மெருகு) போடலாமா?

பதில்: வேண்டாம். நல்ல ப்ளூயிங்குக்கு ஆகும் செலவு துப்பாக்கியின் விலையையே தாண்டிவிடும். மேலோட்டமான துருவை எண்ணெயும் மெல்லிய இரும்பு நாரும் வைத்து மெதுவாக எடுங்கள், போதும்.

கேள்வி: நான் வாங்கப்போகும் பழைய வின்செஸ்டர் 67-ல் சீரியல் எண்ணே இல்லை. போலீஸ் பிரச்சினை வருமா?

பதில்: 1968 கூட்டாட்சித் துப்பாக்கிச் சட்டத்துக்கு முன்னால் .22 ரைபிளுக்கு எண் கட்டாயமில்லை, வின்செஸ்டர் 67 எண் இல்லாமலேயே விற்றது. அது தப்பில்லை. ஆனால் இருந்த எண்ணை ராவி எடுத்த தடம் தெரிந்தால் அது குற்றம். விலை எவ்வளவு சல்லிசாக இருந்தாலும் தொடாதீர்கள்.

கேள்வி: டல்லாஸில் எச்1பி விசாவில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் மார்லினை 75 டாலருக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா அண்ணே?

பதில்: விலை அருமை தம்பி, விசாதான் இடிக்கிறது. குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம், ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதற்கும் இதேதான். விதிவிலக்குகள் உண்டு. பலர் பயன்படுத்துவது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம். அதை முதலில் எடுங்கள், காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். க்ரீன் கார்ட் வந்தபின் இந்தத் தொல்லை இல்லை. க்ரீன் கார்ட் மனு போட்டிருந்தால் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே பெரியவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். உரிமம் கைக்கு வரும்வரை துப்பாக்கி அவர் வீட்டிலேயே இருக்கட்டும், "எனக்காக எடுத்து வையுங்கள்" என்று சொல்லி வையுங்கள். 75 டாலருக்கு மாடல் 60 என்றால் வேறு யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.