வீட்டில் மூன்று கணினிகள் இருந்தால் மூன்று இணைய இணைப்புகள் தேவையா?

தோட்டத்து லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடு) தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்குக் குடிவந்திருக்கிறோம், மூன்று கணினிகள் இருக்கின்றன, தனித்தனி இணைப்பு எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்க வேண்டாம். நான் மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். எங்கள் வீட்டிலும் மூன்று கணினிகள். ஒரே ஃபைபர் இணைப்பு போதுமானதாக இருக்கிறது.

அந்தக் காலத்தில் தோட்ட அலுவலக முகவரிக்கு மொத்தமாகக் கடிதங்கள் வரும். கிராணி, அதாவது அலுவலக எழுத்தர், பெயர் பார்த்துப் பிரித்துக் கொடுப்பார். வீட்டுக்கு வரும் இணைப்பைக் கணினிகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டியான ரவுட்டர் செய்வதும் அதே வேலைதான். வெளியே வீட்டுக்கு ஒரே முகவரி. உள்ளே ஒவ்வொரு கணினிக்கும் 192.168 என்று தொடங்கும் தனி எண்ணை வழங்கி, யார் கேட்டது யாருக்குப் போக வேண்டும் என்று அது கணக்கு வைத்துக்கொள்கிறது.

ஆகவே வீட்டுக்கு ஒரு கிராணிதான் இருக்க வேண்டும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2020 மார்ச்சில் கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பிள்ளைகள் வீட்டிலிருந்தே படித்தபோது, பின்னறைக்கு வைஃபை எட்டவில்லை. பழைய ரவுட்டர் ஒன்றைக் கேபிளால் இணைத்து அங்கே வைத்தேன். மகளின் வகுப்பு அறுந்து அறுந்து போனது. பாடம் நடக்கும்போதே திரை உறைந்து நிற்க, அவள் கண் கலங்கியது இன்னும் மறக்கவில்லை. இரண்டு ரவுட்டர்களுக்கும் 192.168.1.1 என்ற ஒரே முகவரி. இரண்டுமே எண் வழங்கிக்கொண்டிருந்தன!

இரண்டாவது ரவுட்டரை முதலில் கணினியோடு மட்டும் இணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, எண் வழங்கும் டிஎச்சிபி வசதியை அணைத்துவிடுங்கள். பிறகு முதல் ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை அதன் லேன் போர்ட்டில் (வீட்டுக் கணினிகளுக்கான துளை) செருகுங்கள், வேன் போர்ட்டில் (வெளி இணைப்புக்கான துளை) அல்ல. அதன்பின் அது அலையை மட்டும் பரப்பும். நான் இப்படிச் செய்த நாளிலிருந்து வகுப்பு ஒருமுறைகூட நிற்கவில்லை.

மேசைக் கணினிக்குக் கட்டாயம் கேபிள் போடுங்கள். கேட் 5இ வகை கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். தாமான் வீட்டுக்கு அது தாராளம். கதவிடுக்கில் மட்டும் விடாதீர்கள். எங்கள் கேபிள் அங்கே நசுங்கி, உள்ளே இருந்த எட்டுக் கம்பிகளில் பழுப்பு நிறக் கம்பி அறுந்துபோயிருந்தது. இணைப்பு போகவில்லை, ஆனால் வேகம் 1000 மெகாபிட்டிலிருந்து 100க்கு இறங்கிவிட்டது. நான்கு கம்பிகள் இருந்தாலே 100 ஓடும். 1000க்கு எட்டுக் கம்பிகளும் வேண்டும்.

உங்கள் பின்னறைச் சுவர் பலகையா செங்கல்லா என்று எழுதுங்கள். பலகை என்றால் இரண்டாவது ரவுட்டரே தேவைப்படாமல் போகலாம்.