பூசணிக்காய் ஏலம்

கேள்வி: விளைச்சலுக்கு நன்றி சொல்லும் எங்கள் ஆலய அறுப்பின் பண்டிகையில் ஒரு பூசணிக்காய் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஏலம் போனது. கிறிஸ்தவனின் நன்றியறிதல் என்பது இதுதானா?
— ஒரு வாசகர், நாசரேத்

பதில்: பூசணிக்காய்க்கு ஆயிரம் அதிகம்தான். ஆனால் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் யார் விலை பார்க்கிறார்கள்? சேவலை எடுத்தவரே அதைத் திரும்ப மேசையில் வைப்பார். மறுபடியும் 'ஒரு தரம், இரண்டு தரம்'. மூன்றாம் சுற்றில், தான் யார் வீட்டுக் குழம்பு என்று தெரியாமல் சேவல் முழிக்கும். கொஞ்சம் வீம்பு உண்டு, மைக்கில் தன் பெயரைக் கேட்கும் ஆசையும் உண்டு. இருக்கட்டுமே. பணம் ஆலயத்துக்கு, பூசணிக்காய் வீட்டுக்கு.

எனக்கு ஒவ்வாதது வேறு. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் ஒருவர் சாட்சி சொல்ல எழுவார்: "எத்தனையோ பேர் இந்த வருஷம் மண்ணுக்குள் போய்விட்டார்கள், என்னையோ காத்தார், ஸ்தோத்திரம்!" அந்த வருஷம் கணவரைப் பறிகொடுத்த அம்மா அடுத்த பெஞ்சில் இருப்பார். சாட்சி சொன்னவர் ஆமென் வேறு கேட்பார். இதைப் பல தடவை எழுதியாயிற்று. சில போதகர்கள் இன்னும் என்னோடு பேசுவதில்லை. சரி, பைபிளில் லூக்கா 18 என்ன சொல்கிறது? இயேசு சொன்ன கதையில் இரண்டு பேர் ஜெபிக்கப் போகிறார்கள். ஒருவன் பரிசேயன், தன்னை நீதிமான் என்று நம்பும் மதப்பற்றாளன்; அவன் ஜெபத்தில் ஒரு விண்ணப்பம்கூடக் கிடையாது. முழுக்க நன்றிதான், 'மற்ற மனுஷரைப்போல' இல்லாததற்கு. நன்றி என்று வாயே திறக்காத மற்றவன், வரி வசூலிக்கும் ஆயக்காரன்தான் நீதிமானாக வீடு போய்ச் சேர்ந்தான்.

அப்புறம், உங்கள் பூசணிக்காயின் பூர்வீகம். அறுப்பின் பண்டிகைக்கு இன்றைய வடிவம் கொடுத்தவர் என்று ராபர்ட் ஹாக்கரைச் சொல்வார்கள். இங்கிலாந்தில், கார்ன்வால் கடற்கரையிலுள்ள மார்வென்ஸ்டோவில் குருவாக இருந்தவர், ஆண்டு 1843. விசித்திரமான ஆள். ஞாயிற்றுக்கிழமை எலி பிடித்த குற்றத்துக்காகத் தன் பூனையைச் சபையிலிருந்து நீக்கினார் என்றொரு கதை உண்டு. (நம் சபைக் கமிட்டிக்காரர்கள் இந்த வரியைப் படிக்க வேண்டாம்.) அதே ஆள்தான், கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய மாலுமிகளின் உடல்களைத் தேடி எடுத்துவந்து ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தவர். 1842இல் கலிடோனியா என்ற கப்பல் உடைந்தது. ஒருவர்தான் பிழைத்தார். இறந்தவர்களை அடக்கம் செய்த மறு வருஷம்தான் விளைச்சலுக்கு நன்றி சொல்லச் சபையை அழைத்தார். அந்த ஆலயத்தில் நம் டிசம்பர் 31 சாட்சியை யாராவது சொல்லியிருந்தால், பூனைக்குத் துணைக்கு ஆள் கிடைத்திருக்கும்.