ஃப்ளைவீலில் கரண்டைச் சேமிக்கலாமா? கேள்வி பதில்

மில்லில் எலக்ட்ரிகல் பராமரிப்பு பார்த்தவன் என்பதால் பேட்டரி, ஃப்ளைவீல் பற்றிய கேள்விகளை என் பக்கம் தள்ளிவிட்டீர்கள். ஃப்ளைவீல் என்பது கனமான ஒரு சக்கரம்; மோட்டாரில் வேகமாகச் சுற்றிவிட்டால் அந்தச் சுழற்சியிலேயே சக்தி நிற்கும், வேண்டும்போது அதைக் கரண்டாகத் திருப்பி எடுக்கலாம். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பல்லடம், விசைத்தறிக்காரர்: அண்ணா, இன்வெர்ட்டர் பேட்டரி நாலு வருசம் நின்னாலே பெருசுங்க. ஃப்ளைவீல் இருபது வருசம் வருமாமே, நெசமுங்களா?

வருவது நிஜம்தான். ஆனால் அதில் எவ்வளவு கரண்ட் நிற்கும் என்பதையும் பாருங்கள். 60 செ.மீ. விட்டம், ஒன்றே முக்கால் அங்குலத் தடிமனில் ஒரு இரும்புத் தட்டு. எடை 100 கிலோ. அதை 3,000 ஆர்பிஎம்மில் சுற்றினால் விளிம்பு மணிக்கு 340 கிலோமீட்டர் வேகத்தில் போகும். பக்கத்தில் நிற்கவே பயமாக இருக்கும். இத்தனைக்கும் அதில் இருப்பது சுமார் 62 வாட்-அவர். ஒரு சீலிங் ஃபேன் ஒரு மணி நேரம் ஓடும், அவ்வளவுதான். உங்கள் 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரி 1,800 வாட்-அவர். அதற்கு ஈடாக 29 தட்டு வேண்டும். பேட்டரியையே வைத்துக்கொள்ளுங்கள்.

பெருந்துறை: எடையைக் கூட்டினால் ஆகாதுங்களா?

எடை இரட்டித்தால் சேமிப்பு இரட்டிக்கும். வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காகும். அதனால்தான் கார்பன் ஃபைபரில் சக்கரம் செய்து, காற்றை உறிஞ்சிய டப்பாவுக்குள் காந்த பேரிங்கில் 16,000 ஆர்பிஎம் வரை சுற்றுகிறார்கள். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ஸ்டீபன்டவுனில் 2011-ல் இப்படி 200 சக்கரம் நிறுவினார்கள். 20 மெகாவாட், ஆனால் கால் மணி நேரத்துக்குத்தான். கரண்ட் உற்பத்திக்கும் தேவைக்கும் இடையே வித்தியாசம் வரும்போது ஏறி இறங்கும் கிரிட் ஃப்ரீக்வென்சியைச் சரிக்கட்டுவதுதான் அதன் வேலை. கட்டிய கம்பெனி அதே ஆண்டு திவால் மனு கொடுத்தது தனிக்கதை.

கோவை, ஸ்பின்னிங் மில் சூப்பர்வைசர்: அரை செகண்ட் வோல்டேஜ் இறங்கினாலே ரிங் ஃப்ரேம் (நூல் நூற்கும் மிஷின்) எல்லாம் நின்றுவிடுகிறது. ஜென்செட் (டீசல் ஜெனரேட்டர்) இருந்தும் பிரயோஜனமில்லை.

ஃப்ளைவீலுக்குப் பொருத்தமான கேள்வி இதுதான். வோல்டேஜ் இறங்கியதும் கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்டை இணைக்கும் காயில் சுவிட்ச்) விட்டுவிடும், டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) டிரிப் ஆகும், நூல் அறுந்து கிடக்கும், அப்புறம் ஒவ்வொரு ஸ்பிண்டிலாகப் பிணைக்க வேண்டும். ஜென்செட் ஸ்டார்ட் ஆகி லோடு எடுக்கப் பத்து செகண்டாவது ஆகும். ஃப்ளைவீல் யூபிஎஸ் தருவது ஏறக்குறைய பதினைந்து செகண்ட். அந்த இடைவெளியை அடைக்க அது போதும். பேட்டரி ரூமுக்கு ஏசியும் தேவையில்லை. ஆனால் சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டிருக்கவே நாள் முழுக்கக் கொஞ்சம் கரண்ட் தின்னும், விலையும் ஜாஸ்தி.

அதனால் அதை வாங்குமுன் இரண்டு வேலை செய்யுங்கள். கான்டாக்டர் காயிலுக்குப் போகும் கன்ட்ரோல் சப்ளையை மட்டும் ஒரு சின்ன யூபிஎஸ்ஸில் போடுங்கள். டிரைவில் கைனடிக் பஃபரிங் வசதி இருந்தால் ஆன் செய்யுங்கள். ஓடுகிற மிஷினின் சுழற்சியிலிருந்தே கரண்டை எடுத்துக் கொஞ்ச நேரம் டிரிப் ஆகாமல் தாங்கும். அரை செகண்ட் பிரச்சினை பெரும்பாலும் இதிலேயே தீரும்.

திருப்பூர், சாயப்பட்டறை: ரெண்டு மணி நேர கரண்ட் கட்டுக்கு?

ஜென்செட்தான்.

உடுமலை, விவசாயி: ஒரு எச்பி மோட்டாரில் ஃப்ளைவீலைச் சுற்றி, பத்து கேவிஏ எடுக்கிற வீடியோ வந்துச்சுங்க. போர்வெல்லுக்குப் போடலாமுங்களா?

வேண்டாமுங்க. தொட்டியில் ஏற்றின தண்ணீரைவிட அதிகமாகக் குழாயில் வராது. சில செகண்டுக்குப் பெரிய லோடு இழுப்பது மட்டும் நிஜம். தகட்டை அடித்து வெட்டும் பவர் பிரஸ்ஸில் நடப்பதே அதுதான்: சின்ன மோட்டார் மெதுவாகச் சேர்த்ததை ஒரே அடியில் செலவழிக்கிறோம். வீடியோவில் அந்தச் சில செகண்டைக் காட்டிவிட்டு கட் பண்ணிவிடுகிறார்கள்.

ஈரோடு, பாலிடெக்னிக் மாணவர்: பழைய பிரஸ் ஃப்ளைவீல் கிடைத்திருக்கிறது. புராஜெக்ட் செய்யலாமா அண்ணா?

செய்யலாம் தம்பி. வார்ப்பிரும்புச் சக்கரம் என்றால் பிரஸ்ஸில் ஓடிய வேகத்தைத் தாண்டவே கூடாது. வெடித்தால் துண்டு சுவரைத் துளைக்கும். கனமான இரும்புக் கூண்டு போட்ட பிறகே சுவிட்சைத் தொடு. முதலில் பவரை நிறுத்திவிட்டு, எத்தனை நேரத்தில் நிற்கிறது என்று வேகத்தோடு சேர்த்துக் குறித்து கிராஃப் போடு. பெல்ட் மாட்டியபடி அளந்தால் மோட்டாரின் உராய்வும் கணக்கில் சேர்ந்துவிடும். நடுவில் ஒரு கிளட்ச் வைத்து, ஓட்டத்திலேயே பிரிக்கிற மாதிரி செய்துகொள்.