கடலைப் பாளம் இளகுவது ஏன்?
சகோதரிக்கு வணக்கம். மகளின் டப்பாவில் வைக்கும் வேர்க்கடலை, எள் பாளங்கள் (வெல்லப்பாகில் செய்யும் மிட்டாய்த் துண்டுகள்) பள்ளி இடைவேளைக்குள் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதாகவும், பாகைக் கம்பிப் பதத்தில் (விரல்களுக்கிடையே நூல்போல் இழுபடும் நிலையில்) இறக்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பதத்தில் ஈரம் மிச்சமிருக்கும் என்பதே காரணம். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, உறைந்ததும் எடுத்துத் தட்டில் போட்டால் ‘டங்’ என்று ஓசை கேட்க வேண்டும், ஒடித்தால் கண்ணாடிபோல் முறிய வேண்டும். அதுவரை சிறுதீயில் கிளறுங்கள். 200 கிராம் வறுத்த கடலைக்கு 150 கிராம் வெல்லம் போதும். நெய் தடவிய தட்டில் பரப்பியதும், சூடு ஆறுவதற்குள் கீறல் போட்டுவிடுங்கள். பிறகு கத்தி இறங்காது (என் கத்தி ஒன்று அப்படித்தான் வளைந்தது). பேரீச்சம்பழத்திலும் ஈரம் உண்டு என்பதால் அதை இதில் சேர்க்காமல், தனியே உருண்டை பிடித்துக் கொடுப்பதே நல்லது. வகுப்பில் கடலை ஒவ்வாத பிள்ளைகள் இருக்கிறார்களா என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.