வாட்ச் காட்டும் ஸ்ட்ரெஸ் நல்லதா, கெட்டதா?

கேள்வி: வங்கியில் வேலை பார்க்கிறேன். மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நாட்களில் என் ஸ்மார்ட் வாட்ச் 'ஸ்ட்ரெஸ் அதிகம்' என்கிறது. எனக்கோ உற்சாகமாகத்தான் இருக்கிறது. பிளஸ் டூ படிக்கும் மகள் மட்டும் 'டென்ஷனா இருக்கு' என்று தினமும் சொல்கிறாள். நல்ல அழுத்தம், கெட்ட அழுத்தம் என்கிறார்களே, அதை அளக்க முடியுமா?

பதில்: முடியும், ஆனால் வாட்சால் முடியாது. அது பெரும்பாலும் இதயத்துடிப்பையும் துடிப்புகளுக்கு இடையிலான நேர மாறுபாட்டையும் வைத்துக் கணக்குப் போடுகிறது. ஆர்வத்தில் படபடத்தாலும் பயத்தில் படபடத்தாலும் அதற்கு ஒன்றுதான். நல்லதை யூஸ்ட்ரெஸ், கெட்டதை டிஸ்ட்ரெஸ் என்று பிரித்துச் சொன்னவர் ஸ்ட்ரெஸ் ஆய்வாளர் ஹான்ஸ் செலியே. அந்த வித்தியாசம், வந்த வேலையை நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதில் இருக்கிறது. அதனால் ஆளைத்தான் கேட்க வேண்டும்.

பலரும் பயன்படுத்துவது, 1983இல் உளவியலாளர் ஷெல்டன் கோஹன் குழுவினர் வெளியிட்ட கேள்வித்தாள் அளவுகோல். அதன் 10 கேள்வி வடிவம் கடந்த ஒரு மாதத்தைப் பற்றிக் கேட்கும். மொத்தம் 40 மதிப்பெண். சமாளிக்க முடியாமல் திணறுகிறோமா என்பதை அது காட்டும். நல்ல அழுத்தம் எவ்வளவு என்பதைக் காட்டாது.

நல்லதும் கெட்டதும் ஒரே ஸ்கேலின் இரு முனைகள் அல்ல. ஒரே வேலையில் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். 2013இல் வெளியான வலென்சியா அளவுகோல் இதனால்தான் வேலையிடத்துச் சூழல் ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்கிறது: இது உங்களுக்கு எவ்வளவு பாரம்? எவ்வளவு வாய்ப்பு?

இதையே வீட்டில் ஒரு நோட்டில் செய்யலாம். அன்று மனதை அழுத்திய விஷயங்களை எழுதி, பக்கத்தில் 'வாய்ப்பு', 'பாரம்' என இரண்டு கட்டம் போட்டு, தனித்தனியாக 0 முதல் 5 வரை மார்க் போடுங்கள். இரவு தூக்கம் எப்படி என்று ஒரு வரி. இரண்டு வாரம் போதும். இது நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை அல்ல.

மகளுடைய நோட்டில் இயற்பியல் மாதிரித் தேர்வுக்கு வாய்ப்பு 4, பாரம் 3 என்று இருந்தால் கவலை வேண்டாம். 'வீட்டில் மார்க் கேட்பது' என்பதற்கு வாய்ப்பு 0, பாரம் 5 என்று இருந்தால், மாற்ற வேண்டியது தேர்வை அல்ல, நம் கேள்வியை. வாய்ப்புக் கட்டம் முழுக்க வற்றிப்போய், தூக்கமும் பசியும் கெட்டிருந்தால், நாள் பார்த்துக்கொண்டிருக்காமல் மனநல ஆலோசகரிடம் பேசுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், தமிழிலும் பேசலாம்.

ஒன்று மட்டும்: அவள் நோட்டை நீங்களாக எடுத்துப் பார்க்காதீர்கள். பார்ப்பீர்கள் என்று தெரிந்தால் உங்களுக்குப் பிடித்த எண்களைத்தான் எழுதுவாள்.