கொடி படர்கிறது, காய் எங்கே?

கூட்டுத் தோட்டம்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: குடியிருப்பின் பொது இடத்தில் 14 வீட்டார் சேர்ந்து 5 சென்ட்டில் தோட்டம் போட்டிருக்கிறோம். பூசணி, சுரை, பீர்க்கு எல்லாம் தழைத்துப் பூக்கின்றன. பிஞ்சு மட்டும் விரலளவில் மஞ்சளாகி உதிர்கிறது. உரம் போதவில்லையா? – வாசகி, தாம்பரம்

பதில்: கொடிதான் தழைத்திருக்கிறதே, உரத்தை ஏன் சந்தேகப்படுகிறீர்கள்? மகரந்தம் சேரவில்லை. முதலில் சில நாள் ஆண்பூவே வந்து உதிரும். அதற்குக் கவலை வேண்டாம். இதழுக்குக் கீழே குட்டிக் காய் போலப் புடைத்திருந்தால் பெண்பூ. அதில் மகரந்தம் படாவிட்டால்தான் இப்படி மஞ்சளாகி விழும்.

பூசணி விடியற்காலையில் விரியும், வெயில் ஏறினால் கூம்பிவிடும். சுரையும் பீர்க்கும் சாயங்காலம் விரியும். அந்தந்த நேரத்தில் புதிதாக விரிந்த ஆண்பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, நடுத்தண்டைப் பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். ஓர் ஆண்பூ இரண்டு மூன்று பெண்பூவுக்குப் போதும். வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக்கொண்டால் யாருக்கும் பாரமில்லை.

ஆனால் தேனீ ஏன் வரவில்லை என்று பார்க்காமல் கையால் தடவிக்கொண்டே இருக்க முடியாது. பூவில் படும் பூச்சிமருந்தும் காரணமாகலாம். வேப்பெண்ணெயை (லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, கரைய கொஞ்சம் சோப்புக் கரைசல்) சாயங்காலம் தெளிக்கச் சொல்வார்கள். பூசணிக்கு அது சரி. சுரைக்கு அதுவே பூ விரியும் நேரம்! பூச்சி தெரிகிற இலையின் அடிப்பக்கம் மட்டும் தெளியுங்கள், பூவை விட்டுவிடுங்கள். வேலியோரம் துளசி வைத்து, கதிரைக் கிள்ளாமல் விடுங்கள். கொத்தமல்லியிலும் ஒரு பிடியை அறுக்காமல் பூக்க விட்டால் கொசுத்தேனீ (கொட்டாத சின்னத் தேனீ) தேடி வரும்.

காய் பிடித்தபின் கோணலாகி, தோலில் பிசின் சொட்டுத் தெரிந்தால் அது பழ ஈ. அறுத்தால் உள்ளே வெள்ளைப் புழு நெளியும். அந்தக் காயை உரக்குழியில் போடவே கூடாது. புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, ஈயாகத் திரும்பி வரும். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வெயிலில் போடுங்கள்.

கேள்வி: ஜீவாமிர்தம் (சாணக் கரைசல் உரம்) ஏக்கருக்கு 200 லிட்டர் என்கிறார்கள். 5 சென்ட்டுக்கு எவ்வளவு? போன முறை நாற்றம் தாங்கவில்லை. – வாசகர், திருச்சி

பதில்: 10 லிட்டர் போதும். சாணம் அரை கிலோ, கோமியம் அரை லிட்டர், வெல்லம் 100 கிராம், பயறு மாவு 100 கிராம், ரசாயனம் படாத மண் ஒரு சிட்டிகை, மீதி தண்ணீர். நிழலில் 48 மணி நேரம், காலையும் மாலையும் கலக்க வேண்டும். மூடியை இறுக்கியிருப்பீர்கள், கலக்கவும் மறந்திருப்பீர்கள். காற்றில்லாமல் அழுகிய நாற்றம்தான் அது. துணியால் கட்டுங்கள், கொசுவும் முட்டையிடாது. ஒரு வாரத்துக்குள் ஊற்றித் தீர்த்துவிடுங்கள்.

பச்சைச் சாணம் என்பதால் புதினா, கொத்தமல்லி போலப் பச்சையாகத் தின்னும் பாத்திக்கு வேண்டாம். அங்கே நன்கு மக்கிய தொழுவுரம் போடுங்கள்.

கேள்வி: எங்கள் கத்திரி, வெண்டையிலிருந்தே விதை எடுக்கலாமா? – வாசகர், மதுரை

பதில்: நாட்டு ரகமென்றால் தாராளமாக. வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) ரகமென்றால் அடுத்த தலைமுறை ஒரே மாதிரி வராது. கத்திரிக்காய் செடியிலேயே மஞ்சளாகப் பழுக்கட்டும். விதையைத் தண்ணீரில் அலசி, மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதை நிழலில் உலர்த்துங்கள். வெண்டையைக் காய் காய்ந்து வெடிக்கத் தொடங்கும்போது பறியுங்கள். வெண்டையில் தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும். அதனால் விதைக்கென்று விடும் பருவத்தில் தோட்டத்தில் ஒரே ரகம்தான் இருக்க வேண்டும். கூட்டுத் தோட்டத்தில் ஆளுக்கொரு ரகம் போட்டால் கிடைப்பது கலப்பு விதைதான்.